குழாயில் இரண்டு தட்டு

லா கூர்நெவ், பாரிஸ்
12 செப்டம்பர் 2024

என் தம்பி மனைவி ரமீஜாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன் மேலும் அம்மா மேலும் ஹிபா மேலும் இறங்கட்டும். இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

போனில் நாம் பேசியதெல்லாம் பேச்சே இல்லை. நீ அழுதாய், நான் அழுதேன், அம்மா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்கள், வந்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். ஜெயினுவை அடக்கம் செய்ய வீட்டிலிருந்து தூக்கிப் போனதை உள்ளங்கை அளவு திரையில் பார்த்தேன். இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது கைக்கு வருமுன் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இருப்பது ஒரே தம்பி. அவன் முகத்தைப் பார்க்காமல் ஓர் அட்டைக்காக உட்கார்ந்திருந்தேன். இதை நான் எனக்கு மன்னிக்கப்போவதில்லை.

அவன் மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் போடுவான். இருபத்தாறு வருஷம். வீட்டுக்கு வீடு போன் வந்த பிறகும் நிறுத்தவில்லை. கடையை மூடிவிட்டு எழுதுவான் போல, ஓரத்தில் கிரீஸ் கறை இருக்கும். இனி அந்த வேலை உன்னுடையது ரமீஜா. ஸ்பீக்கரில் போட முடியாதது கடிதம் ஒன்றுதான்.

அவன் உயிர் போன நேரம் நீ அஸர் தொழுகையில் இருந்ததாக அம்மா சொன்னார்கள். வெள்ளிக்கிழமை, மனைவி தொழுகைப் பாயில், அப்படி ஒரு மவுத் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லித் தேறிக்கொள்கிறார்கள். என்ன நடந்தது என்று நீயும் எனக்கு எழுது. அவசரமில்லை. எழுத முடிந்ததை எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

சபுரா லாத்தா


முல்லா வீதி, புதுச்சேரி
29 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய சபுரா லாத்தாவுக்கு ரமீஜாவின் ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமிக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முட்டிதான் வலிக்கிறது, மழை வரப்போகிறது என்கிறார். ஹிபா மறுபடி கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நான் இருக்கிறேன்.

கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நானும் ஸலாம் சொன்னதாகப் போடுங்கள் என்பதோடு என் பங்கு முடிந்துவிடும். இது அவருடைய பேனா. மூடியில் அவர் கடித்த பல் தடம் இருக்கிறது.

கேட்டதை எழுதுகிறேன். அன்று ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார். கொஞ்சம் படுத்தார். மூன்றரைக்குக் கீழே கடைக்குப் போனார். ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி மாலைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தார். பதினெட்டு வருஷமாக அவரோடு வேலை செய்யும் கலியமூர்த்தி அண்ணன் கம்பி வாங்கப் போயிருந்தார். மாமி பின்னறையில் தூக்கம். ஹிபா கல்லூரியில். நான் மாடியில் அஸர் தொழுதுகொண்டிருந்தேன். கலியமூர்த்தி அண்ணன் திரும்பி வந்து கத்தியது கேட்டு ஓடினேன். மோட்டார்மேல் தலை சாய்ந்திருந்தது. பெரிய அட்டாக் என்றார் டாக்டர். அவ்வளவுதான் லாத்தா.

இத்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள். ஜனவரி பன்னிரண்டில் முடியும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். அதுவரை படி இறங்கி வெளியே போகக் கூடாது, நகை கிடையாது, பூ கிடையாது. அதெல்லாம் கஷ்டமாக இல்லை. இந்த வீட்டில் சத்தம் இல்லாததுதான் கஷ்டம். உங்களுக்கு நினைவிருக்குமே, கடைச் சுவர் வழியாக மாடிக்கு ஏறும் இரும்புக் குழாயில் ஸ்பேனரால் தட்டுவார். இரண்டு தட்டினால் டீ. மூன்று தட்டினால் ஆள் வந்திருக்கிறார், சேர்த்துப் போடு. நீங்கள் ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது இடி விழுந்ததாக நினைத்து எழுந்து உட்கார்ந்துகொண்டீர்கள். இப்போது குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும்தான்.

நீங்கள் போட்டுக்கொடுத்த கதை ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இனி எனக்கு அது எதற்கு?

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரமீஜா


லா கூர்நெவ்
14 அக்டோபர் 2024

அன்புள்ள ரமீஜா,

உன் கடிதம் வந்த அன்று இங்கே முதல் குளிர். நான் நலம், என் மதாமும் நலம். தொண்ணூற்றொரு வயதில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, ஏன் தாமதம் என்று கடிகாரத்தைக் காட்டுகிறாள். அவளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்து என் பிழைப்பு ஓடுகிறது.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆப்பைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கை நான் மூடவில்லை. இத்தாவின் தடை வாசற்படிக்கும் பூவுக்கும்தான், காதுக்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரைக் கேள் என்றால் எப்படிக் கேட்பாய், அதுவும் எனக்குத் தெரியும். என் கதையைச் சொல்கிறேன். என் புருஷன் போன பிறகு ஆறு மாதம் என்னிடம் பேசியவர்கள் எல்லாம் சாவைப் பற்றித்தான் பேசினார்கள். பெரிய மனுஷிபோல் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. அப்போதுதான் ஒருத்தி இந்த ஆடியோ கதைகளைக் காட்டினாள். தமிழில், வாசிக்கிறவன் குரலைக் கேட்டால் ஈரத் துணியைக்கூட இஸ்திரி போட்டுவிடலாம். எல்லாக் கதையும் ஒரே கதை. முதல் அத்தியாயத்தில் புருஷன் இறந்துவிடுவான். இரண்டாவதில் அழுகை. மூன்றாவதில் கூரை ஒழுகும், ரிப்பேர் பார்க்க ஒருவன் ஏணியோடு வருவான். பத்தாவதுக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். சிரி, பரவாயில்லை.

ஆனால் நான் அந்தச் சூட்டுக்காக மட்டும் கேட்கவில்லை ரமீஜா. ஐம்பது வயதில் ஒருத்தி அழுது முடித்த பிறகு, அவளைப் பார்த்து ஒருவன், 'நீ சாப்பிட்டாயா, உன் கை ஏன் சில்லென்று இருக்கிறது' என்று கேட்கிறான். அதற்காகத்தான். நாற்பது பேர் வந்து உட்கார்ந்து போனார்கள், என் கை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே கணக்கில் இரண்டு பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் ஓடும். 'வேறொரு போனில் ஓடுகிறது, அதை நிறுத்திவிட்டு இங்கே கேட்கவா' என்று மறித்துக்கொண்டு நிற்கும். நல்ல இடம் பார்த்து நீ எனக்கு நிறுத்துவதும், நான் உனக்கு நிறுத்துவதும், அதற்கு வாட்ஸாப்பில் சண்டையும். அந்தச் சண்டைக்குக்கூட இப்போது ஆள் இல்லை.

அம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சபுரா


முல்லா வீதி
30 அக்டோபர் 2024

லாத்தாவுக்கு ஸலாம். தைலம் வந்தது. மாமி முட்டியில் தேய்த்தது போக நெற்றியிலும் தேய்த்துக்கொண்டு, பிரான்சு வாசனை என்கிறார். எல்லாரும் சுகம்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததும் பயந்து திரும்பிப் பார்த்தேன். புருஷனை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண் சிரிக்கிறாள் என்று சுவர்கூடச் சொல்லிவிடும்போல இருந்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கும் அது பிடித்திருந்தது. மீன் ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்பேன். அந்த எஸ்டேட் கதை, மாலினிக்காகக் கூரை ஏறினானே, அவன் அவள் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காது சுடும். உங்கள் தம்பி தங்கமான மனிதர். ஒரு நாள் கை நீட்டியதில்லை, ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் 'ரமீஜா' என்று அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. 'ஏம்மா' என்பார், இல்லையென்றால் குழாயில் தட்டுவார். அவர் கீழே உழைத்துக்கொண்டிருக்க, நான் மேலே உட்கார்ந்து இன்னொருவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது துரோகமா என்று யாரைக் கேட்பது?

இன்னொன்று. அந்தக் கதை எல்லாவற்றிலும் புருஷன் முதலிலேயே இறந்துவிடுகிறான். அதை ஆசையாகக் கேட்டுக் கேட்டு நானே இதை வரவழைத்துக்கொண்டேனோ என்று தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தோன்றுவது நிற்கவில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் மாமி தினமும் சொல்கிறார்: "எம்மவன் உசுரு போற நேரம் மருமவ தொழுகையில இருந்தா. எல்லாருக்கும் வாய்க்குமா?" அவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். நம் ஹிபா ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்திருக்கிறாள். அத்தா போன அன்று அம்மா தொழுகையில் இருந்ததால்தான் அத்தாவுக்கு வலியே தெரிந்திருக்காது என்று அவள் நம்புகிறாள். நல்லதுதான். நல்லதுதானே லாத்தா?

அவர் உங்களுக்கு எழுதியவற்றில் என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அனுப்புங்கள். திட்டியிருந்தாலும் சரி.

ரமீஜா


லா கூர்நெவ்
14 நவம்பர் 2024

அன்பு ரமீஜாவுக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க துஆ. எனக்கு லேசாக இருமல்.

துரோகம், வரவழைத்தது, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. கதை கேட்டு மனிதர்கள் சாவதென்றால் இந்த நகரில் ஒரு ஆண்பிள்ளை மிஞ்சமாட்டான்.

ஜெயினுவின் கடிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். உன்னைத் திட்டி ஒரு வரி இல்லை. ஜூலையில் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"ரமீஜா இப்போதெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மீன் ஆய்கிறாள். தானாகச் சிரிக்கிறாள், தானாகக் கண்ணைத் துடைக்கிறாள். என்ன கேட்கிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள். நீ கொடுத்ததுதானே, நல்லதாகத்தான் இருக்கும். சாயங்காலம் அவள் கேட்கிற நேரத்தில் டீக்குத் தட்ட மனசு வரவில்லை. கலியமூர்த்தியை அனுப்பி டீக்கடையில் வாங்கிக்கொள்கிறேன். டீ சுமார்தான். அவள் முகம் நன்றாக இருக்கிறது."

பார்த்தாயா? உன் பெயரை அவன் எழுத்தில் எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறான். இதைப் படித்தாவது மனதை ஆற்றிக்கொள்.

சபுரா லாத்தா


லா கூர்நெவ்
3 டிசம்பர் 2024

ரமீஜா,

ஸலாம். புயல் செய்தியில் நம் ஊரைக் காட்டினார்கள். மூன்று நாளாகப் போன் போடுகிறேன், உன் போன் அணைந்தே கிடக்கிறது. நேற்று கலியமூர்த்தி தன் போனை எடுத்து, எல்லாரும் நல்லா இருக்காங்க, கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி என்றார். உன்னைக் கொடுங்கள் என்றேன். அவங்க பேசற நிலையில இல்ல என்றார்.

வெள்ளத்தாலா, என் கடிதத்தாலா? ஆறுதலாக இருக்கும் என்றுதான் அனுப்பினேன். ஒரு வரியாவது எழுது.

சபுரா


முல்லா வீதி
8 டிசம்பர் 2024

அன்புள்ள லாத்தா,

உயிரோடு சுகமாக இருக்கிறோம். கரண்ட் நேற்றுத்தான் வந்தது. மாமியை மாடியில் கட்டிலோடு வைத்துக் காப்பாற்றினோம். போனுக்குச் சார்ஜ் இல்லை, எனக்கும் இல்லை.

முப்பதாம் தேதி இரவு தண்ணீர் கடைக்குள் வந்தது. கூரை ஒழுகியது, ஏணியோடு ஆளும் வந்தார். கதையில் வருவதுபோல் யாருமில்லை, நம் கலியமூர்த்தி அண்ணன்தான், பேரன் பேத்தி எடுத்தவர், லுங்கியைத் தலையில் கட்டிக்கொண்டு. மோட்டார்களை மேலே ஏற்ற ஆள் போதவில்லை. உங்கள் தம்பி போன பிறகு முதல் தடவையாகக் கடைக்குள் இறங்கினேன்.

அங்கே அந்தக் குழாயைப் பார்த்தேன் லாத்தா. அவர் உட்காரும் இடத்திலிருந்து கை எட்டும் உயரத்தில் பெயிண்ட் உதிர்ந்து, இரும்பு பளபளவென்று இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் தட்டித் தட்டித் தேய்ந்த இடம். அன்று அவர் கையில் ஸ்பேனர் இருந்ததாகக் கலியமூர்த்தி அண்ணன் முதல் நாளே சொன்னார். வேலை செய்துகொண்டிருந்தார், ஸ்பேனர் இருக்காதா என்று நான்தான் வாயை அடைத்தேன்.

நான் தொழவில்லை. அன்று நான் தொழுகையில் இல்லை. மாடி அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் கூடியபோது மாமி என் தோளைப் பிடித்து உலுக்கி, "நீ எங்க இருந்த, நீ எங்க இருந்த" என்று கேட்டார். வாயில் வந்தது தொழுகை. ஒரு நொடியில் வந்தது. அதற்குப் பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது, ஊர் முழுக்கப் போய்விட்டது. அல்லாஹ்வின் பெயரில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து இத்தா இருக்கிறேன்.

நான் தொழுகையில் இருந்ததாக நீங்கள் உங்கள் பள்ளிவாசலில் எல்லாம் சொல்லியிருப்பீர்கள். என்னை வெறுத்துவிடுங்கள், ஆனால் மாமியிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

ரமீஜா


லா கூர்நெவ்
22 டிசம்பர் 2024

என் ரமீஜா,

உன் மேல் சாந்தி உண்டாகட்டும். எனக்கு இருமல் நின்றது. உன் கடிதம் நேற்று வந்தது. பதில் என்னிடம் மூன்று மாதமாகத் தயாராக இருக்கிறது.

எனக்கு முதல் நாளே தெரியும். பள்ளிவாசலில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் ஆறாம் தேதி இங்கே பகல் ஒன்று பத்து. உங்களுக்கு நாலு நாற்பது. மதாமுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பூங்காவில் வந்து உட்கார்ந்து போனை எடுத்தேன். வேறொரு போனில் ஓடுகிறது, நிறுத்திவிட்டு இங்கே கேட்கவா என்றது. பதினேழாம் அத்தியாயம். அதில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும், நான் முன்னாலேயே கேட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு கதை. பாவம், நல்ல இடத்தில் இருக்கிறாள், கேட்கட்டும் என்று 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். சிரித்துக்கொண்டே அழுத்தினேன் ரமீஜா.

அன்று இரவே அம்மா தொழுகை என்று சொன்னபோது எனக்கு மணி நினைவுக்கு வந்தது. ஆப்பைத் திறந்து பார்த்தேன். பதினேழு, முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நின்றிருந்தது. இன்றும் அங்கேயேதான் நிற்கிறது.

நீ பொய் சொன்னாய் என்று எனக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. அன்று நான் 'ஆமாம்' என்று அழுத்தியிருந்தால் உன் காதில் சத்தம் நின்றிருக்கும். என்னைத் திட்டிக்கொண்டே காதிலிருந்து எடுத்திருப்பாய். தம்பி தட்டியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். ஓடியிருப்பாய். அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியிருக்கலாம். இதை எழுதத் தைரியமில்லாமல் உன்னை எழுத வைத்தேன். நீ சொல்வாய், அப்போது நானும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவனைக் கடைசியாகப் பார்க்காததைவிட இது பெரிதாக இருக்கிறது. நான்தான் உனக்கு அதைக் கொடுத்தேன், நான்தான் நிறுத்தாமல் விட்டேன்.

நீ என்னை வெறுத்தாலும் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே.

சபுரா


முல்லா வீதி
5 ஜனவரி 2025

லாத்தா,

ஸலாம். எல்லாரும் சுகம். நலம் விசாரிப்பை இதோடு முடித்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுதமாட்டேன்.

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நீங்கள் 'ஆமாம்' என்று அழுத்தியிருந்தாலும் ஒன்றுதான், அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். ஏனென்றால் எனக்குக் கேட்டது.

அந்தக் குழாய்ச் சத்தத்தை எந்தக் கருவியும் மறைக்காது. இரண்டு தட்டு. தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நாளாகத் தட்டாமல் இருந்தார், வேலை அதிகம், வெளியில் குடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு டீ கேட்கிறார் என்று நினைத்தேன். போனைப் பார்த்தேன். இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. முடியட்டும், போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டு நிமிடம் கேட்டேன்.

இத்தனை நாளும் இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது, அது டீக்குத்தான், டீக்குத் தட்டிவிட்டு அப்புறம்தான் வலி வந்திருக்கும் என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தேன். நவம்பரில் உங்கள் கடிதம் வந்தது. அந்த நேரத்தில் டீக்குத் தட்டுவதை அவர் நிறுத்தியிருந்தார் என்று அவர் கையெழுத்தில் படித்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது டீ இல்லை. என் முகம் நன்றாக இருக்கிறது என்று டீயை விட்ட மனிதர், அன்று வேறு வழியில்லாமல் தட்டியிருக்கிறார்.

நீங்கள் தெரிந்து செய்யவில்லை. உங்கள் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள். அது என்னுடையது.

பன்னிரண்டாம் தேதி இத்தா முடிகிறது. அன்று மாமியிடம் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கடிதம் வருவதற்குள் சொல்லியிருப்பேன்.

ரமீஜா


முல்லா வீதி
17 ஜனவரி 2025

பிரியமான லாத்தாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. உங்கள் உடம்பும் மனமும் நலமாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி மாமியே எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பச்சைக் கரை போட்ட புடவை எடுத்து வைத்திருந்தார். சொந்தக்காரப் பெண்கள் வந்து யாஸீன் ஓதினார்கள். மாமி வழக்கம்போல் தொழுகைக் கதையைச் சொன்னார். எல்லாரும் போன பிறகு அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொழவில்லை என்றேன். கதை கேட்டேன், என்ன மாதிரிக் கதை என்றும் சொன்னேன். தட்டியது கேட்டது என்றும் சொன்னேன். ஹிபாவும் வாசலில் நின்று கேட்டாள்.

 மாமி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஹிபா கொடுத்தால்தான் குடித்தார். ஹிபா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் இரவு அவளே வந்து என் பக்கத்தில் படுத்தாள்.

பதினான்காம் தேதி பொங்கல். கலியமூர்த்தி அண்ணன் லீவு, கடை பூட்டியிருந்தது. சாயங்காலம் மாமி கூப்பிட்டார். "அந்தக் கதைய வை. எம்மவன் தட்டின எடத்துலேருந்து வை" என்றார். மாமி, அது நீங்கள் கேட்கிற மாதிரி இருக்காது என்றேன். "நீ கேட்டல்ல" என்றார்.

ஆப்பை மறுபடி இறக்கினேன். நீங்கள் சொன்னதுபோல் அங்கேயேதான் நின்றிருந்தது. எட்டு நிமிடம் பின்னால் தள்ளி, ஸ்பீக்கரில் போட்டேன். லாத்தா, என் வாழ்க்கையில் அப்படி ஒரு பதினோரு நிமிடம் வேண்டாம். மழை பெய்கிறது, அவன் அவள் தலைமுடியைத் துவட்டிவிடுகிறான், பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறான், மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி தஸ்பீஹ் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, உருட்டாமல், கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார்.

பிறகு நான் அன்று கேட்காமல் விட்ட மூன்று நிமிடம் வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. மழை நின்றது. அவன் ஏணியை மடித்து ஓரமாக வைத்தான். நாளைக்கு வருகிறேன் என்றான். அத்தியாயம் முடிந்தது. இதற்காகவா உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தேம்பித் தேம்பி அழுகை வந்தது.

மாமி கேட்டார்: "ஜெயினு உங்கிட்ட இப்படியெல்லாம் பேசுவானா?"

இல்லை மாமி என்றேன்.

"அவங்க அத்தாவும் எங்கிட்ட பேசுனதில்ல" என்றார். போனை என் பக்கம் தள்ளிவிட்டு, டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. நேற்று காஜியார் வீதியிலிருந்து ஒரு அம்மா வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தொழுகையில் இருந்த மருமகள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி கட்டிலிலிருந்து சொன்னார்: "தொழுகையில இல்லம்மா. கதை கேட்டுக்கிட்டு இருந்தா." அந்த அம்மா கையை மெல்ல விட்டார். மாமி அவரையே பார்த்துக்கொண்டு, "ஏன், வூட்டுல இருக்கற பொம்பள கேக்கக் கூடாதா?" என்றார். அத்தோடு வேறு பேச்சு பேசினார்கள்.

எனக்குள் மட்டும் அந்த விஷயம் இன்னும் முடியவில்லை லாத்தா. முடிய வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

பதினெட்டாம் அத்தியாயத்திலிருந்து நீங்களும் கேட்டுப் புதுக் கதைக்குப் போங்கள், அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டாம். நானும் கேட்பேன்போல் இருக்கிறது, பகலில், துணி மடிக்கும்போது. முந்தாநாள் மாமிகூட, அந்த ஏணிக்காரன் திரும்பி வந்தானா என்று விசாரித்தார். ஆனால் சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்து மணி வரை நான் எதையும் காதில் மாட்டமாட்டேன். கீழே குழாய் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு அது பகல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் தாராளமாகக் கேளுங்கள், உங்களுக்கு யாரும் நிறுத்தமாட்டார்கள்.

உங்கள் அட்டை வந்ததும் புறப்பட்டு வாருங்கள்.

ரமீஜா